ஓரத்தில் எழுதிய ‘நீ’

அச்சகத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காலை ஒன்பது மணிக்கு வாயைத் திறந்தால் மாலை ஐந்தரைக்குத்தான் மூடுவாள். அவள் வேலையே அதுதான். கைப்பிரதியை எழுத்து விடாமல், புள்ளி விடாமல் உரக்கப் படிக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் அச்சில் வந்த தாளில் அதைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே போய், பிழை கண்ட இடத்தில் குறி போடுவார். எதிரே உட்கார்ந்திருப்பவர் அவள் கணவர். அவருக்கு அச்சகம் வைத்த பெயர் புள்ளி சார். பகல் முழுக்கப் பேசிவிட்டால் வீட்டில் பேச என்ன மிச்சம் இருக்கும் என்று முதலாளி கேலி செய்வார். வீட்டில் அவர்கள் அதிகம் பேசுவதில்லை என்பது உண்மைதான். அதற்குக் காரணம் அவள் தொண்டை.

மெய்ப்பு அறை என்று கதவில் எழுதியிருந்தாலும் அது மாடிப்படிக்குக் கீழே பலகை அடைத்த ஓர் இடம். நிமிர்ந்து நின்றால் புள்ளி சாருக்குத் தலை இடிக்கும். பலகைக்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள் ஓடும். அந்த இரைச்சலுக்கு மேலே எழும்பி, ஆனால் கத்தாமல் படிக்க அவளுக்கு மூன்று வருடம் ஆயிற்று. ‘கால்புள்ளி’, ‘பத்தி’, ‘அடைப்பு திற’ என்று அதையும் வாயால் சொல்ல வேண்டும். தூக்கத்தில்கூடச் சொல்லியிருக்கிறாளாம். அவர் சத்தியம் செய்வார்.

ஒவ்வோர் அச்சகத்துக்கும் சில ஓரக் குறிகள் சொந்தமாக உண்டு. இங்கே ‘நீ’. ஈய எழுத்துக் காலத்திலிருந்து வருவது. குறிலும் நெடிலும் மாறிப்போவதுதான் தினசரித் தொல்லை. கொம்பின் தலையில் ஒரு சுழி இருக்கிறதா இல்லையா என்பது ஒரு மயிரிழை வித்தியாசம். அதைத் தாளின் ஓரத்தில் பொடியாக வரைந்து காட்டினால் எழுத்துக் கோப்பவர் அதையும் தப்பாகப் பார்ப்பார். அதனால் பிழையான எழுத்துக்கு அடியில் ஒரு கோடு, ஓரத்தில் ‘நீ’. நீட்டு என்று அர்த்தம். எழுதும்போது புள்ளி சாரின் வாயும் சேர்ந்து ‘நீ’ என்று முணுமுணுக்கும். அவள் படிப்பதை நிறுத்தாமலே ‘நானா?’ என்பாள். கல்யாணமான புதிதில் இருவருக்கும் அதில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, கேள்வி நிற்கவில்லை. இருபத்தாறு வருடம் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை அவர் ‘நீ’ என்றார், அவள் ‘நானா?’ என்றாள். புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் உள்ளே ஏதோ சண்டை நடக்கிறது என்று நினைப்பார்கள்.

வாக்காளர் பட்டியல் அவர்களுக்குப் புதிதல்ல. நகரசபைத் தேர்தல் வரும்போதெல்லாம் பட்டியல் அந்த அச்சகத்துக்கு வரும். முன்பெல்லாம் எழுத்துக் கோப்பது, மெய்ப்புப் பார்ப்பது, திருத்துவது, அச்சடிப்பது எல்லாமே அந்த ஒரு கூரையின் கீழ் நடக்கும். போட்ட குறி வீட்டை விட்டு வெளியே போகாது. அந்த வருடம் முறை மாறியிருந்தது. தேர்தல் அலுவலகமே கணினியில் தட்டச்சு செய்து அனுப்பியது. அச்சகம் பிழை பார்த்துத் தாள்களைத் திருப்பி அனுப்ப வேண்டும், அலுவலகத்து ஆட்கள் திருத்திக்கொள்வார்கள், பிறகுதான் அச்சு. முதலாளிக்கு மகிழ்ச்சி. திருத்தும் வேலை மிச்சம்.

கட்டு வந்த அன்று மேலே ரப்பர் வளையத்தில் ஒரு கெட்டியான மஞ்சள் தாள் செருகியிருந்தது. அவள் அதை உருவி, நீளவாக்கில் மடித்துக்கொண்டாள். வரி தவறாமல் படிக்க அவளுக்கு எப்போதும் அடியில் ஓர் அட்டை வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் மேலே எது கெட்டியாக வருகிறதோ அதுதான் அந்தக் கட்டுக்கு அட்டை. அது அவள் வழக்கம். அலுவலகத்துத் தாள்களில் அனுப்புநர், பெறுநர், பார்வை என்று முக்கால் பக்கம் போய்விடும். அதையெல்லாம் முதலாளி படித்திருப்பார்.

பழைய ஆலைக் குடியிருப்பின் பாகம் வந்ததும் புள்ளி சார் பென்சிலைக் கூர்தீட்டினார். ஆலை மூடிப் பத்து வருடம் ஆகியும் தொழிலாளர்கள் அந்த வரிசை வீடுகளிலேயே இருந்தார்கள். ஆயிரத்து நூற்று நாற்பது பெயர். மற்றப் பாகங்களைப் புதுக் கணினியிலும், இதை மட்டும் யாரோ ஏதோ ஓட்டை எழுத்துருவிலும் அடித்திருந்தார்கள். கொம்பின் சுழியும் ஈகாரச் சுழியும் சில இடங்களில் விழுந்தன, சில இடங்களில் காணாமல் போயின. தேன் என்று தொடங்கும் பெயர்கள் தென் என்று திசை மாறியிருந்தன. வேல் எல்லாம் வெல். “வெல்லட்டும், நல்லதுதானே,” என்றாள். ஒரு தையல்காரியின் பெயர் நீலம் என்று தொடங்க வேண்டும். அவள் நிலம் ஆகியிருந்தாள். அவளை இவர்களுக்குத் தெரியும். அச்சகத்து வாசலில் தையல் இயந்திரம் போட்டிருந்தவள், இவளுடைய ரவிக்கைகளை எல்லாம் தைத்தவள்.

பிழையோடு விட்டால் என்ன, ஓட்டுப் போடும்போது ஆளைப் பார்த்துத்தானே விடப் போகிறார்கள் என்று முதலாளி அவசரப்படுத்தினார். புள்ளி சார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த மக்களுக்குச் சம்பளச் சீட்டிலும் பெயர் தப்பு, ரேஷன் அட்டையிலும் தப்பு, ஆஸ்பத்திரிச் சீட்டிலும் தப்பு. ஒரு தாளிலாவது சரியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். பதினோரு நாள் பார்த்தார்கள். அந்த ஒரு பாகத்தில் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்களுக்கு நேரே அவர் ‘நீ’ என்று எழுதினார். முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை அவள் ‘நானா?’ என்றாள். கடைசித் தாளைக் கட்டில் வைத்தபோது, இவ்வளவு சுத்தமான பட்டியல் இந்த ஊரில் இதுவரை வந்ததில்லை என்று அவர் சொன்னார். தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்கிறவர் அல்ல அவர். அதனால் அவளுக்கு அது நினைவிருந்தது.

தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது தையல்காரி மெய்ப்பு அறைக்குள் வந்து நின்றாள். அந்த அறைக்குள் அவள் வந்ததே இல்லை. ஓட்டுப் போடும் இடமும் வரிசை எண்ணும் போட்ட சீட்டை வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு போனார்களாம்; குடியிருப்பில் பல வீடுகளுக்கு வரவில்லை. கேட்டால், பட்டியலில் பெயர் இல்லாதவருக்குச் சீட்டு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அவள் வாக்காளர் அட்டையைக் காட்டியிருக்கிறாள். அட்டை இருந்து பிரயோஜனமில்லை, பட்டியலில் பெயர் இருந்தால்தான் உரிமை என்றிருக்கிறார்கள்.

“உங்க கைக்கு வந்தப்ப நான் அதுல இருந்தேனா சார்?” என்று கேட்டாள்.

“இருந்தம்மா. நிலம்னு இருந்த. நான்தான் நீலம்னு திருத்தினேன்.”

“அப்ப நடுவுல யாரு என்னைக் கொன்னது?”

இந்தத் தேர்தல் குடியிருப்புக்கு வெறும் தேர்தல் இல்லை. அந்த வரிசை வீடுகளை இடித்துப் பேருந்துப் பணிமனை கட்ட நகரசபையில் ஒரு திட்டம் இருந்தது. இப்போதிருந்த உறுப்பினர் இடிக்கலாம் என்றார். எதிர்த்து நின்றவர் கூடாது என்றார். வீடு நிற்குமா விழுமா என்பதற்கு அவர்கள் கையில் இருந்தது ஆளுக்கு ஓர் ஓட்டு. அதுதான் இப்போது முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு இல்லை.

புள்ளி சார் அன்றே தேர்தல் அலுவலகத்துக்குப் போனார். அவளும் கூடப் போனாள். பதிவு அலுவலர் அவர்களைவிட இருபது வயது இளையவர், மரியாதையானவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், தாள்கட்டை எடுத்துவரச் சொன்னார். ஆலைக் குடியிருப்பின் தாள்களைப் புரட்டிப் புள்ளி சார் பக்கம் திருப்பி வைத்தார். ஓரத்தில் வரிசையாக, அழகான கையெழுத்தில், நீ, நீ, நீ.

“நீங்க எழுதினதுதானே சார்?”

“ஆமா.”

“நீக்கம்னு எழுதியிருக்கீங்க. நீக்கிட்டோம்.”

புள்ளி சார் விளக்கினார். நீட்டு என்பதைச் சொன்னார், கொம்பைச் சொன்னார், ஈய எழுத்தைச் சொன்னார். அலுவலர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “ஒரே ஆள் கையில முந்நூத்திப் பன்னெண்டு தடவை எழுதியிருக்கு. ஒரு தடவைன்னா கைத்தவறுன்னு சொல்லலாம்.”

எந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு சுற்றறிக்கை வைத்து அனுப்பியதாக அவர் சொன்னார். மஞ்சள் தாள், கெட்டியான தாள். அப்படி எதுவும் வரவில்லை என்று புள்ளி சார் உறுதியாகச் சொன்னார். அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. அதன்பிறகு அலுவலர் சொன்னதெல்லாம் பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல் கேட்டது. நீக்கப்பட்டவர்களின் எண்களை அறிவிப்புப் பலகையில் ஏழு நாள் ஒட்டியிருந்தார்களாம். பலகையில் ஒட்டினால் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளுமாம். வேட்புமனு முடிந்த நாளோடு சேர்க்கை மூடியாயிற்று. அதைத் திறக்கும் சாவி அவரிடம் இல்லை, யாரிடமும் இல்லை. மூடி நாலு நாள்தான் ஆகியிருந்தது.

மறுநாள் காலை அவள் ஒரு மணி நேரம் முன்னதாக அச்சகம் போய், தன் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். மஞ்சள் அட்டை அங்கேதான் இருந்தது. மடிப்பு அவள் விரல் பட்டுக் கறுத்திருந்தது. பிரித்தாள். முக்கால் பக்கத்துக்கு அனுப்புநர், பெறுநர், பார்வை. அதன் கீழே: ‘ஓரக் குறியீடுகள். தி – திருத்தம். சே – சேர்க்கை. நீ – நீக்கம்.’ எழுத்து உள்பக்கம் இருக்கும்படி மடித்திருந்தாள். பதினோரு நாள் ஒவ்வொரு பெயருக்கும் கீழே அதை நகர்த்தி நகர்த்தி, அவர் ‘நீ’ என்றபோதெல்லாம் அதைத் தொட்டுக்கொண்டுதான் ‘நானா?’ என்று கேட்டிருக்கிறாள்.

அன்று மதியம் சாப்பிடும்போது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். அவர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார்.

“ஒண்ணே ஒண்ணுதான் ஆறுதல்,” என்றார். “அந்தத் தாள் நமக்கு வரல. வந்து, நான் கவனிக்காம விட்டிருந்தா, அந்தம்மா மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

அவள் வாயைத் திறந்தாள். கைப்பிரதி இல்லாமல் அந்த வாய்க்குப் பேசத் தெரியவில்லை. சாப்பிடுங்க, ஆறிடும் என்று மட்டும் சொன்னாள்.

தேர்தல் அன்று வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடத்தில். குடியிருப்புக்காரர்கள் தெரிந்தும் வந்தார்கள். நேரில் போய் நின்றால் ஒருவேளை விட்டுவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. குளித்து, நல்ல துணி உடுத்தி, அட்டையை உறையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். முதல் மேஜையில் விரலை வைத்துத் தேடி, இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. ஓர் ஆலைக்காரர் இரண்டாம் தடவை வரிசையில் போய் நின்று இரண்டாம் தடவை திரும்பினார்.

தையல்காரி திரும்பி வரும்போது வரிசையில் நின்ற புள்ளி சாரைப் பார்த்தாள்.

“உங்க பேர் சரியா இருக்கா சார்? நல்லாப் பாத்திருப்பீங்க.”

அவர் பின்னால் நின்றவரை முன்னால் விட்டார், அதற்குப் பின்னால் நின்றவரையும் விட்டார். அப்படியே வரிசையின் கடைசிக்கு வந்து, வாசலைத் தாண்டி வெளியே போய்விட்டார். அவள் மட்டும் ஓட்டுப் போட்டாள். போடாமல் இருக்க அவளுக்கு என்ன தகுதி என்று தோன்றியது. விரலில் வைத்த மை மூன்று வாரம் போகவில்லை. அந்த மூன்று வாரமும் தையல்காரி அச்சகத்து வாசலில் இயந்திரம் போடவில்லை.

எதிர்த்து நின்றவர் எண்பத்தெட்டு ஓட்டில் தோற்றார்.

அவர் வழக்குப் போட விரும்பவில்லை. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவருக்கு அடுத்த தடவை இருந்தது. தையல்காரியும் பதினாறு பேரும் சேர்ந்து மனுப் போட்டார்கள். அச்சகத்தில் மனுக்கள் அச்சடித்துப் பழக்கமான ஒரு வக்கீல் காசு வாங்காமல் ஒத்துக்கொண்டார். அவளை அக்கா என்று கூப்பிடுவார். நல்லவர், ஆனால் ஒன்றையும் மறைத்துப் பேசத் தெரியாதவர். “எல்லாம் அந்தச் சுற்றறிக்கையிலதான் தொங்குது அக்கா,” என்றார். அது அனுப்பப்படவில்லை என்றால் அலுவலகத்தின் தவறு. முன்னறிவிப்பு இல்லாமல் உரிமையைப் பறித்ததாகும். அனுப்பியிருந்தார்கள் என்று ஆகிவிட்டால் அச்சகத்தின் தவறு. மனு நிற்காது.

புள்ளி சார் சாட்சிக் கூண்டில் ஏறி, உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை என்று சொன்னார். அப்படி ஒரு தாள் தங்களுக்கு வரவில்லை என்றார். மூன்றாவது பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை, பைக்குள் மஞ்சள் அட்டை. எழுந்து காட்டினால் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் வழக்கு அந்த நிமிடமே முடிந்துபோகும்; கூண்டில் நிற்கிறவர் பொய்ச் சத்தியம் செய்தவராக இறங்குவார். காட்டாவிட்டால் ஒருவேளை ஜெயிக்கும். பையின் வாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஜெயிக்க வேண்டும் என்றுதான் பொய்க்குத் துணை போனாள். இதை அவள் பிற்பாடு பல தடவை தனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

தையல்காரியும் கூண்டில் ஏறினாள். பெயர் இருந்திருந்தால் யாருக்கு ஓட்டுப் போட்டிருப்பாய் என்று வக்கீல் கேட்கத் தொடங்கியதும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். வாக்கு இரகசியம், அதை யாரும் கேட்கக்கூடாது, யாரும் சொல்லக்கூடாது என்றார். நீதிபதி ஆமாம் என்றார். ஆனால் விடுபட்ட பெயர்களால் முடிவு மாறியிருக்கும் என்று மனுதாரர்கள் நிரூபித்தாக வேண்டும் என்றும் அவரே சொன்னார்.

தையல்காரி அவரை நேராகப் பார்த்தாள். “கேக்கவும் கூடாதுங்கறீங்க, தெரியவும் தெரியணுங்கறீங்க. நான் எதைத்தான் சொல்றது ஐயா?”

நீதிபதி பேனாவை மூடி வைத்தார். அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. தீர்ப்பிலும் வருத்தம் என்ற சொல்லைப் போட்டிருந்தார்.

தீர்ப்பு ஒன்பது பக்கம். தேர்தல் அறிவிக்கப்பட்டபின் வாக்காளர் பட்டியல் இறுதியானது. அதன் உள்ளே புகுந்து பார்க்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை. இறுதியாகாமல் இருந்திருந்தாலும், இரகசியமான வாக்குகள் எந்தப் பக்கம் விழுந்திருக்கும் என்று காட்ட வழியில்லை. சுற்றறிக்கை அனுப்பப்பட்டதா இல்லையா என்ற கேள்விக்குள் போகவேண்டிய தேவை எழவில்லை. அந்தக் கடைசி வரியை அவள் மூன்று தடவை படித்தாள். தேவை எழவில்லை. அவள் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை யாரும் கேட்கவே இல்லை.

அதற்கப்புறம் ஒரு நாள் பிற்பகல், ஏதோ கல்லூரி மலர் படித்துக்கொண்டிருந்தாள். வரிக்கு அடியில் விரலை வைத்துப் படித்தாள். புள்ளி சார் பென்சிலைக் கீழே வைத்தார்.

“உன் அட்டை எங்க?”

“எந்த அட்டை?”

“வரிக்கு அடியில வச்சுக்குவியே. மஞ்சளா ஒண்ணு வச்சிருந்த.”

“அது... கிழிஞ்சு போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்.”

அவர் அவளைப் பார்த்தார். இருபத்தாறு வருடமாக அச்சுத் தாளைப் பார்க்கும் பார்வை. ஒரு புள்ளி விடுபட்டிருந்தால் நின்றுவிடும் கண். அது அவள் முகத்தில் நின்றது. பலகைக்கு அந்தப் பக்கம் இயந்திரம் முப்பது நாற்பது தாள் தள்ளியிருக்கும். பிறகு அவர் எழுந்து, குனிந்தபடியே வெளியே போனார். வெட்டும் மேஜையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை அளவாக நறுக்கி எடுத்து வந்தார். முன்பக்கம் காட்டினார், திருப்பிப் பின்பக்கமும் காட்டினார்.

“ரெண்டு பக்கமும் வெறும் வெள்ளை. பாத்துக்கோ,” என்றார். “ம், படி.”

அவள் படித்தாள். அன்று மாலைவரை எத்தனையோ நெடில் வந்தது. அவர் குறி போட்டார். ‘நீ’ என்று வாய் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவர்கள் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. பேசியிருந்தால் கோபித்திருப்பார், திட்டியிருப்பார், பிறகு ஆறியிருப்பார். அவர் கோபிக்கவில்லை. வேலை முடிந்ததும் குடியிருப்புக்குப் போகத் தொடங்கினார். அடுத்த பட்டியலில் பெயர் சேர்க்க ஒவ்வொருவரும் தனித்தனியாகப் படிவம் தர வேண்டும் என்பது சட்டம். அடுத்தவர் மொத்தமாகத் தர முடியாது. படிவத்தைத் தானே நிரப்பி, பெயரை மட்டும் அவர்களையே ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு, கட்டம் கட்டமாக எழுதி, கையெழுத்து வாங்கினார். முதலில் சிலர் கதவைத் திறக்கவில்லை. ஒருவர், “வாங்க சார், இந்தத் தடவை மொத்தமா அழிச்சிட்டுப் போகவா?” என்றாராம். அவர் அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். நாலு மாதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. கடைசிப் படிவம் தையல்காரியுடையது. அவள் பேசவில்லையாம், கையெழுத்து மட்டும் போட்டாளாம்.

படிவங்கள் ஏற்கப்பட்டதாக ரசீது வந்த மூன்றாம் வாரம் வீடுகளை இடித்தார்கள். நகரசபைத் தீர்மானம் முறையாக ஓட்டெடுப்பில் நிறைவேறியிருந்தது. குடியிருப்புக்காரர்களுக்கு ஊருக்கு வெளியே, பேருந்து போகாத இடத்தில் அறைகள் கொடுத்தார்கள். புள்ளி சார் இரண்டு நாள் போய் நின்று பார்த்தார். மூன்றாம் நாள் காலை அச்சகத்துக்குக் கிளம்பி, நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைப் போட்டார். ஒரு செருப்புப் போட்டிருந்தார். இன்னொன்று கையில் இருந்தது. ஏங்க, நேரமாச்சு என்று அவள் உள்ளேயிருந்து சொன்னாள். இரண்டாம் தடவையும் சொன்னாள்.

தையல்காரி சாவுக்கு வந்தாள். அவ்வளவு தொலைவிலிருந்து நடந்தே வந்தாள் போலிருந்தது, கால் முழுக்கப் புழுதி. இவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்ல மனுஷன் அக்கா. யார் தப்பையோ தலையில போட்டுக்கிட்டுப் போயிட்டார்,” என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பத்துப் பேர் சுற்றி இருந்தார்கள், அழுகை இருந்தது, எதைச் சொன்னாலும் துக்கத்தில் உளறுகிறாள் என்று விட்டிருப்பார்கள். அவள் தலையை ஆட்டினாள். ஆட்டியது ஆமென்றா இல்லையென்றா என்று தையல்காரிக்குத் தெரிந்திருக்காது.

அச்சகம் அவளை நிறுத்தவில்லை. எதிர் நாற்காலிக்கு ஆள் போட முதலாளிக்கு மனமில்லை, வேலையும் அவ்வளவு இல்லை. அவளே படித்து அவளே குறி போட்டுக்கொண்டாள். ஒருத்திக்கு உரக்கப் படிக்கவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் சத்தமில்லாமல் படித்தால் அவள் கண் வரியில் நிற்பதில்லை.

மறு வருடம் திருத்திய பட்டியல் வந்தது. கட்டின் மேல் ஒரு தாள். இந்தத் தடவை வெள்ளை. எழுத்து ஓர் அங்குலம். ‘நீ என்பது நீக்கத்தை மட்டுமே குறிக்கும். பெயர்களின் எழுத்தில் அச்சகம் எவ்விதத் திருத்தமும் செய்யக்கூடாது.’ அதை நின்றபடி மூன்று தடவை படித்தாள். பிறகு எழுத்து தெரியும்படி சுவரில் ஊசி குத்தி மாட்டினாள்.

ஆலைக் குடியிருப்பு திரும்பி வந்திருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். புள்ளி சார் கட்டம் கட்டமாக எழுதிய படிவங்களை அதே ஓட்டை எழுத்துருவில் அடித்திருந்தார்கள். தேன் எல்லாம் தென். வேல் எல்லாம் வெல். ஒவ்வொரு பெயருக்கும் நேரே வரிசை வீட்டின் கதவெண் இருந்தது. அந்தக் கதவுகள் இல்லை. அங்கே வசிக்காதவர்கள் என்று அடுத்த கணக்கெடுப்பில் இவர்களை முறைப்படி நீக்குவார்கள். இந்தத் தடவை அதில் தப்பு ஒன்றும் இருக்காது. தையல்காரி நிலமாகவே இருந்தாள். அவளுடைய கதவெண்ணில் இப்போது இருப்பதும் அதுதான். பென்சில் கையில் இருந்தது. ஒரு கோடு, ஓர் எழுத்து. அவள் வெள்ளை அட்டையை அடுத்த வரிக்கு இறக்கினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பிழைகளையும் உரக்கப் படித்து, ஒன்றையும் தொடாமல் விட்டாள்.

கடைசியில் அவர்களுடைய தெரு. கட்டோடு நீக்கல் பட்டியல் ஒன்று வந்திருந்தது. அதில் ஓர் எண்ணுக்கு நேரே அவள் கொடுத்த இறப்புச் சான்றின் எண் இருந்தது. பட்டியலில் அந்த எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தாள். பெயர், தகப்பனார் பெயர், கதவெண், வயது. ஒரு பிழை இல்லை. நெடில் எல்லாம் நெடிலாக, சுழி எல்லாம் சுழியாக, புள்ளி எல்லாம் புள்ளியாக இருந்தது. அவர் பார்த்த தெரு.

அவருடைய முழுப் பெயரையும் உரக்கப் படித்தாள். பெயரின் அடியில் கோடு போட்டாள். ஓரத்தில் எழுதினாள், எழுதும்போது வாயும் சேர்ந்து சொன்னது.

“நீ.”

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எதிர் நாற்காலியில் மீதித் தாள்களை அடுக்கி வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யாரும் கேட்காததால், “நானா?” என்று அவளே கேட்டாள். பிறகு அட்டையை அடுத்த வரிக்கு நகர்த்தினாள். அடுத்த வரியில் அவள் பெயர் இருந்தது.